சிலுவை விளக்குக்குப் போன ஒயரும் நான் மூடிவைத்த பக்கமும்

வியாதி தீர்ந்ததையும் கடன் தீர்ந்ததையும் நம் சபை மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்தது பொறாமை. அறுபத்தொன்பது வயதில், தலையெல்லாம் நரைத்த பிறகு வந்தது. அதனால் ஓர் உயிர் போகப் பார்த்தது. ஆண்டவர் காப்பாற்றினார். அதை ஒளிக்காமல் எழுதும்படி என் மனைவி ஸ்டெல்லா இரண்டு மாதமாக என்னை விடவில்லை.

சித்தூரில் நம் ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் தேதி முத்திரை குத்தியவன் நான். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். படித்ததையும் பார்த்ததையும் தேதி போட்டு எழுதி வைப்பேன். ஆலயத்தில் மணி ஏற்றியது, ஓடு மாற்றியது, யார் நினைவாக எந்த ஃபேன் வந்தது என்று ஏழு நோட்டு நிறைய எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் கட்டடப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் இரண்டாம் ஞாயிறு. இரண்டாம் வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் கருகும் வாசனை வந்தது. பெண்கள் பக்கத்துச் சுவரில் இருந்த ஸ்விட்ச் பலகையிலிருந்து புகை. அடுத்த நொடி ஒரு பொறி தெறித்துத் திரைச்சீலையில் விழுந்தது. "நெருப்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

தெற்குக் கதவை நோக்கி ஓடியவர்கள் அங்கே நின்றிருந்த பீரோவில் முட்டிக்கொண்டார்கள். பாட்டுப் புத்தகங்கள் வைக்க ஒரு குடும்பம் தங்கள் தகப்பனார் நினைவாகக் கொடுத்த பீரோ அது. அதைக் கதவுக்கு முன்னால் வைக்கச் சொன்னவன் நான். வடக்குக் கதவில் சங்கிலி. செருப்பு திருட்டுப் போகிறது என்று பூட்டியவனும் நான். சாவி என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மீதி இருந்தது முன்வாசல். அதில் ஒரு கதவு தாழிட்டிருந்தது. திறந்திருந்த மற்றொன்றும் கூட்டம் முட்டியதில் மூடிக்கொண்டது. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. முன்னால் இருந்தவர்கள் இழுக்க, பின்னால் இருந்தவர்கள் தள்ள, கதவு அசையவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் நானும் இருந்தேன். பிள்ளைகள் அழுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார். உடை மாற்றும் அறைக்குள் போய் மெயினை நிறுத்தினார். திரைச்சீலையை இழுத்துக் கீழே போட்டு மிதித்து அணைத்தார். பிறகு பீடத்துப் படியில் ஏறி நின்றுகொண்டு, "யாரும் தள்ளாதீங்க! கடைசில நிக்கறவங்க மூணு அடி பின்னாடி வாங்க!" என்று உரக்கச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். கதவு திறந்தது. ஓர் அம்மாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

அவர் பெயர் எபினேசர். அரக்கோணத்துக்காரர், முப்பத்திரண்டு வயது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. நம் சபைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்றரை வருஷமாக வருகிறவர். வாரமெல்லாம் தடாவில் தங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தூருக்கு வந்துவிடுவார்.

அடுத்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா அறிவித்தார். "கட்டடப் பொறுப்பைத் தம்பி எபினேசர் பார்த்துக்குவார். பெரியவருக்கு இனிமே ஓய்வு குடுப்போம்." எல்லோரும் கைதட்டினார்கள். எபினேசருக்குத் தட்டினார்களா, என் ஓய்வுக்குத் தட்டினார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் தட்டினேன். கை வலித்தது.

அன்று மத்தியானம் ஸ்டெல்லா கேட்டாள். "இன்னாங்க, சோத்த துன்னாம பெசஞ்சுக்கினே இருக்கீங்க?"

"இருபத்திரண்டு வருஷம். ஒரு வார்த்தை நன்றி சொன்னாங்களா? நேத்து வந்த பையன்."

"நேத்து வந்த பையன்தானே நெருப்ப அணைச்சான்?"

"அது நெருப்பா? ஒரு பொறி."

"அந்தப் பொறிக்குத்தான் மொதல்ல எழுந்து ஓடினீங்க. நான் பின்னாடி வர்றேனான்னுகூடத் திரும்பிப் பாக்கல." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

அதற்குப் பிறகு எது நடந்தாலும் எனக்கு எரிந்தது. வாலிபர்கள் அவரை "சேஃப்டி அண்ணா" என்று கூப்பிட்டபோது எரிந்தது. ஜெபத்தில் போதகர் அவர் பெயரைச் சொன்னபோது எரிந்தது. ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, ஸ்டெல்லா குழம்பில் தேடித் தேடி நல்ல துண்டாக அவர் தட்டில் வைத்தபோதும் எரிந்தது. என் நோட்டில் அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. "ஒரு சகோதரர் மெயினை நிறுத்தினார்" என்றுதான் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் தேநீர் கொடுத்தவர் பெயரையெல்லாம் விடாமல் எழுதுகிறவன் நான்.

செப்டம்பர் முழுக்க அவர் கட்டடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தெற்குக் கதவின் பீரோ நகர்ந்தது. வடக்குக் கதவின் சங்கிலி கழன்றது. முன்வாசல் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும்படி மாறின. மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டருக்கான டீசல் கேனும், கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோலும், தெர்மாகோல் நட்சத்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அடுக்கி வைத்தவன் நான்தான்.

கடைசியில் ஃபேன்களுக்கு வந்தார். நம் ஆலயத்தில் ஒவ்வொரு ஃபேனின் இறக்கையிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும், இன்னார் நினைவாக என்று. ஒரு குடும்பம் ஒரு ஃபேன் கொடுத்தால் அடுத்த குடும்பம் இரண்டு கொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே பழைய லைனில் மாட்டிக்கொண்டே போனோம். லைன் தாங்கவில்லை. பாதி ஃபேன்களை இறக்க வேண்டும் என்று எபினேசர் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். செத்துப்போன தகப்பன் பெயரை இறக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? இதில் மாட்டிக்கொள்வான் என்று காத்திருந்தேன்.

அவர் வீடு வீடாகப் போனார். எல்லாப் பெயர்களையும் ஒரே பலகையில் அழகாக எழுதி வாசலில் வைப்பதாகச் சொன்னார். "ஃபேன் சுத்தும்போது உங்க நைனா பேரை யாராலயாவது படிக்க முடியுதா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்கள். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் "கட்டடக் குழு" என்று போனில் இருந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன்.

மீதி இருந்தது ஓட்டுக் கூரைக்கும் மரச் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடம். அங்கே துணி சுற்றிய பழங்கால ஒயர்கள் இன்னும் கிடந்தன. கரையான் அரித்த கட்டைமேல் காய்ந்த ஒயர். அதையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும் என்று முடிவானது. அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை வேலை. அதற்கு முந்தின வாரம் எபினேசர் என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, மெயினை நிறுத்திட்டா மேல எல்லாம் நின்னுடுமா? வேற எங்கயிருந்தாவது லைன் வருதா? உங்க நோட்டுல எல்லாம் இருக்கும்னு சொல்றாங்க."

நான் செய்தித்தாளை மடிக்காமலேயே சொன்னேன். "கம்பெனில பெரிய படிப்பு படிச்சவரு. ஒரு ஒயர் எங்க போவுதுன்னு கெழவன் நோட்ட பாத்தா தெரிஞ்சுக்கணும்?"

அவர் முகம் சின்னதானது. ஆனாலும் சிரித்தார். "சரிங்க ஐயா. டெஸ்டர் வெச்சுப் பாத்துக்கறோம்."

அவர் போன பிறகு நான்காம் நோட்டை எடுத்துப் பிரித்தேன். இருந்தது. என் கையெழுத்துத்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கோபுரச் சிலுவைக்கு விளக்குப் போட்டோம். ஆலயத்து மீட்டர் தாங்காது என்று, போதகர் குடியிருக்கும் குருமனையின் மீட்டரிலிருந்து லைன் எடுத்தோம். சுவருக்கு மேலாகக் கொண்டுவந்து, சீலிங்குக்கு மேலே கிடந்த பழைய ஒயரிலேயே சேர்த்துவிட்டோம். இருட்டினால் தானாக எரிய, குருமனைப் பக்கத்திலேயே ஒரு சென்சார் வைத்தோம். அது என் யோசனை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "தற்காலிக ஏற்பாடு" என்று அடியில் எழுதியிருந்தேன்.

அப்போதிருந்த எலெக்ட்ரீஷியன் இன்று இல்லை. போதகர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள். சிலுவையின் பல்பைக் குரங்கு உடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விளக்கு எரியாததால் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். ஆனால் இருட்டும்போதெல்லாம் ஒயரில் கரண்டு வந்துகொண்டுதான் இருந்தது. ஆலயத்து மெயினை நிறுத்தினாலும் அது நிற்காது. பகலில் டெஸ்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது.

இது பூமியில் எனக்கு மட்டும்தான் தெரியும். நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். வேலை பகலில்தானே, ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்றைக்காவது அந்த லைனைக் கண்டுபிடித்து, அசிங்கப்பட்டு, என்னிடம் வரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க நான் விரும்பவில்லை. அதுதான் உண்மை.

அந்தச் சனிக்கிழமை ஆலயத்துப் பக்கம் இருக்கக்கூடாது என்றே திருப்பதியில் கண் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருந்தேன். பரிசோதனை முடிந்து மத்தியானம் சித்தூர் பஸ் ஏறினேன். சந்திரகிரி தாண்டியதும் வானம் கறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னலைக் காட்டி, "எந்த மப்பு பட்டிந்தோ சூடண்டி" என்றார். எவ்வளவு இருட்டிக்கொண்டு வருகிறது பாருங்கள் என்று. திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளக்குகள் எல்லாம் தாமாக எரிந்தன. மணி மூன்றுகூட ஆகவில்லை.

சென்சார்.

மேகம் சித்தூர்ப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, கரண்டு இல்லை என்று நம்பி, அவர் வெறுங்கையால் அந்த ஒயரைப் பிடித்திருப்பார். வானம் இருட்டினால் போதும்.

போதகருக்குப் போன் செய்தேன். ஏதோ கூட்டத்துக்குப் போனவர், போன் அணைத்திருந்தது. குருமனை அம்மாவுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எபினேசரின் நம்பர் என்னிடம் இல்லை. குழுவிலிருந்து வெளியேறியவன்தானே, அதைத் தனியாகப் பதிந்து வைக்க மனம் வரவில்லை. ஸ்டெல்லாவுக்கு அடித்தேன். வேறொரு அழைப்பில் இருந்தாள். குடிபாலாவில் இருக்கும் தங்கையோடு பேச ஆரம்பித்தால் உலகமே அழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. ஐந்து தடவை அடித்தேன். ஐந்து தடவையும் அதே.

இனி செய்ய ஒன்றுமில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. இரண்டு மாதமாக அவரை "அந்தப் பையன்" என்றே சொல்லிப் பழகிய வாய். பெயர் தொண்டையில் நின்றுகொண்டது. பிறகு வந்தது, சத்தமாகவே வந்தது.

"ஆண்டவரே, எபினேசர். எபினேசரைக் காப்பாத்தும். அவன் கையை அந்த ஒயர்லேருந்து எடும். நான்தான் மறைச்சேன். என்னைத் தண்டியும். என் நோட்டெல்லாம் எரிஞ்சு போகட்டும். அவனை விட்டுடும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து அம்மா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூதலப்பட்டு நெருங்கும்போது போன் அடித்தது. ஸ்டெல்லா.

"இன்னாங்க, அத்தினி மிஸ்டு காலு? எங்க இருக்கீங்க? இங்க காத்து பிச்சுக்கினு அடிக்குது. மழை வரதுக்கு முன்னாடியே கரண்ட நிறுத்திட்டானுங்க. மாவு பாதி அரைச்சதோட நிக்குது."

"ஊர் முழுக்கவா? எப்ப நின்னுச்சு?"

"இப்ப கூட மணி கேக்கணுமா? கால் மணி நேரம் ஆவும். ஊரு பூராவும் கரண்டு இல்ல."

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

"கரண்டு போனதுக்கா?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும், நோட்டை மூடி வைத்தது உட்பட. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு நேரம் திட்டாமல் இருந்ததில்லை. "கரண்டு எப்ப வேணா திரும்பி வரும். குருமனை மெயினை நிறுத்து. ஓடு!" என்றேன்.

"போன வைங்க" என்றாள்.

எங்கள் வீட்டுக்கும் ஆலயத்துக்கும் இரண்டு தெரு. முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவள், மாவுக் கையோடு, புழுதிக் காற்றில் ஓடியிருக்கிறாள். குருமனைக்குள் நுழைந்து, யாரிடமும் கேட்காமல், மெயினை இழுத்துவிட்டாள். பிறகுதான் ஆலயத்துக்குள் போய், "எபினேசர், எறங்குப்பா கீழே!" என்று கத்தினாள். அவள் வந்து சேர்ந்த ஏழாவது நிமிஷம் தெருவில் கரண்டு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி. எபினேசர் படியில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் ஒட்டடை. அவர் சொன்னார்: காலையில் எல்லா ஒயரிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எதிலும் ஒன்றுமில்லை. காற்று எழும்பிய நேரத்தில் உத்திரத்தின்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இடது கையில் செம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஓட்டு இடுக்கில் வந்த வெளிச்சம் மங்கிக்கொண்டே போனதாம். சேர்ந்து வேலை செய்த எலெக்ட்ரீஷியனுக்கு அந்த ஒயரில் கரண்டு வருமா என்ற சந்தேகம் தீரவில்லை. வெட்டிய முனைகளைப் பத்திரமாக ஒதுக்கிவைத்து, குருமனை மெயினை ஒரு நொடி போடச் சொல்லி, டெஸ்டரை வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. வானம் இன்னும் கறுத்துத்தான் இருந்தது. அவர் இந்து, தெலுங்குக்காரர். டெஸ்டரைப் பையில் வைத்துவிட்டு, "தேவுடு உன்னாடண்டி" என்றார். கடவுள் இருக்கிறார் என்று. அந்தத் தெருவில் அன்றைக்குக் கரண்டு ஆபீசைத் திட்டாதவர் கிடையாது. அந்தக் கரண்டு நிற்பதைத்தான் நான் பூதலப்பட்டு ரோட்டில் ஜெபத்தில் கேட்டிருந்தேன். இன்னது வேண்டும் என்று தெரியாமலே கேட்டிருந்தேன்.

எபினேசரிடம் நானே சொன்னேன். "தம்பி, எனக்குத் தெரியும். நீங்க கேட்டப்பவே தெரியும். உங்க மேல பொறாமை. அதான் சொல்லல."

அவர் என்னை அணைத்துக்கொள்வார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஐயா, என் பொண்ணு பொறந்து ஏழு மாசம்தான் ஆகுது" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சபை முன்னால் எழுந்து அறிக்கை செய்தேன். யாரும் கைதட்டவில்லை. அது சரிதான். மூன்று வாரம் எபினேசர் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று வாரமும் காலை ஜெபத்தில் முதல் பெயராக அவர் பெயரைச் சொன்னேன். நோட்டில் "ஒரு சகோதரர்" என்று இருந்த இடங்களில் எல்லாம் அடித்துவிட்டுப் பெயரை எழுதினேன். பதினோரு இடம். நான்காம் வாரம் சனிக்கிழமை காலை அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"ஐயா, அந்த ஏழு நோட்டையும் குடுங்க. இனிமே உங்களைக் கேக்க மாட்டேன். நானே படிச்சுக்கறேன்."

உள்ளேயிருந்து ஸ்டெல்லா, "அவரு கையெழுத்து அவருக்கே புரியாது. உக்காந்து படிக்கச் சொல்லுப்பா" என்றாள். எபினேசர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

அதுமுதல் வெள்ளிக்கிழமை அவர் தடாவிலிருந்து வந்தால், சனிக்கிழமை காலை இருவரும் உட்காருகிறோம். எந்த உத்திரம் எப்போது மாற்றியது, எந்தச் சுவரில் ஈரம் எப்போது வந்தது என்று நான் வாசிக்கிறேன். அவர் குறித்துக்கொள்கிறார். ஆலயத்தில் இப்போது மூன்று கதவுகளும் திறக்கின்றன. புதிய லைன் போட்டாயிற்று. நெருப்பு அணைக்கும் சிவப்பு சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று அவர் சொல்லிக்கொடுத்தபோது முதல் ஆளாகப் போய்க் கற்றுக்கொண்டேன்.

பொறாமை முற்றிலும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். போன ஞாயிறுகூட ஒரு சின்னப் பெண் என்னைத் தாண்டி ஓடி அவர் கையைப் பிடித்தபோது, உள்ளே சுருக்கென்றது. அப்படி வரும்போதெல்லாம் நான் இப்போது செய்வது ஒன்றுதான். அவருக்கு ஆரோக்கியம் கொடும், அவர் வீட்டுக்குச் சமாதானம் கொடும் என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிறது.

வாசிக்கிற உங்களுக்கும், சொல்ல நாக்கு வராத ஒரு பெயர் இருக்கலாம். சொந்த அண்ணனாக இருக்கலாம், ஓரகத்தியாக இருக்கலாம், அலுவலகத்தில் உங்களுக்குப் பிறகு வந்து உங்களுக்கு முன்னால் போனவராக இருக்கலாம். அவருக்கு நீங்கள் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால், என்னைப்போல் தாமதிக்காமல் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அவருக்கு நல்லது செய்யும்படி ஆண்டவரிடம் கேளுங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும். அடைத்தாலும் கேளுங்கள். இவ்வளவு கெட்ட வாயிலிருந்து வந்ததையே அவர் கேட்டார்.